ஐந்தாம் எண் வீரர்

சங்கரன்கோவில்
8 செப்டம்பர் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய பதினேழு செய்திகளுக்கும் நீல டிக் விழுந்துவிட்டது. பதில்தான் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முகாமில் போன் கொடுக்கிற அரை மணி நேரத்தில் அத்தையிடம் பேசுகிறீர்கள். "இரு, ஜெனிட்ட குடுக்கேன்" என்று அவர்கள் சொல்லும்போதே வைத்துவிடுகிறீர்கள். அத்தை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, "டவர் இல்ல போலுக்கு" என்கிறார்கள். பெற்ற பிள்ளைக்காகப் பொய் சொல்கிறார்கள், பாவம், அது அவர்களுக்கு வரவும் இல்லை. அதனால்தான் கடிதம். இதைத் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் உங்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று நான் எதுவும் செய்யவில்லை. என் ஆராய்ச்சி என்னவென்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? வாட்டர் போலோ ஆடுகிறவர் மூச்சு முட்ட நீந்திய பிறகு, கோலுக்கு அவர் எறிகிற ஷாட் என்ன ஆகிறது. அவ்வளவுதான். பிப்ரவரியில் திருநெல்வேலி நீச்சல் குளத்தில் பன்னிரண்டு பேரைச் சோதித்தேன். ஓய்வாக இருக்கும்போது பத்து ஷாட். பிறகு குளத்தின் நீளத்தை எட்டுத் தடவை முழு வேகத்தில் நீந்திவிட்டு, இரைக்க இரைக்க இன்னும் பத்து ஷாட். மற்றவர்களுக்கு வேகம் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் குறைந்தது. உங்களுக்கு அறுபத்தாறிலிருந்து ஐம்பத்து நாலு. குறியில் பட்டது எட்டிலிருந்து மூன்று.

யார் பெயரையும் நான் போடவில்லை. ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் கொடுத்தேன். நீங்கள் ஐந்தாம் எண். எறிகிற கை எது என்று ஒரு கட்டம் வேண்டுமே என்று பக்கத்தில் வலது, வலது, வலது என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஐந்தில் 'இடது' என்று எழுதும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பன்னிரண்டு பேரில் இடக்கைக்காரர் நீங்கள் ஒருவர்தான் என்பது, ஆகஸ்ட் மாதம் பல்கலைக்கழகத்தில் அந்த அட்டவணையைத் திரையில் போட்டு நான் பேசிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. என் கைடு பஸீலா மேடம் உங்கள் கோச்சைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் அட்டவணையின் ஐந்தாம் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

ஆறு வருஷம் மாநில அணியில் முதல் ஏழு பேரில் இருந்த உங்கள் பெயர், அடுத்த வாரமே 'தேர்வுக்கு உரிய இருபது பேர்' பட்டியலுக்குப் போய்விட்டது. நீங்களும் பையை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் சென்னைக்குப் போய்விட்டீர்கள். ஏசிவிட்டாவது போயிருக்கலாம்.

அத்தை சுகம். பக்கத்து வீட்டில் புதிதாக இரண்டு தறி போட்டிருக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் நான் அழுதாலும் யாருக்கும் கேட்காது, அது ஒரு வசதி.

ஜெனிபா


சென்னை
15 செப்டம்பர்

ஜெனிபாவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

எனக்கு உன்னைப்போல் வளைத்து வளைத்து எழுத வராது. 'இடது' என்று எழுதியது பெரிய தப்பு என்று நான் நினைக்கவே இல்லை. அது கைமறதி. பிப்ரவரியில் எடுத்த கணக்கு அது. அதை நான் ஆகஸ்டில், கடைசி வரிசையில் உட்கார்ந்து, கோச்சோடு சேர்ந்து பார்த்தேன். நடுவில் ஆறு மாதம். ஒரே பானைச் சோறு சாப்பிட்டோம். ஒரே பைக்கில் சர்ச்சுக்குப் போய் வந்தோம். என் கை போய்விட்டது என்று உனக்குத் தெரியும், எனக்குச் சொல்லவில்லை. ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் கட்டினவனுக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?

இங்கே சாயங்காலப் பயிற்சி முடிந்ததும் எல்லாரும் டீ குடிக்கப் போவார்கள். என்னை மட்டும் கோச் நிறுத்தி, எட்டு நீளம் நீந்தவிட்டு, பத்து ஷாட் எறியச் சொல்கிறார். உன் சோதனையேதான். ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறார். பனவடலிசத்திரத்துப் பையன் மகாராஜா தெரியுமல்லவா, இந்த வருஷம்தான் அணிக்கு வந்தவன். கரையில் நின்று உன்னையும் இழுத்து, "அண்ணாச்சி, மைனி எழுதிக் குடுத்த மருந்தா இது?" என்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

அக்டோபர் 31 அன்று இருபது பேரில் பதிமூன்று பேரை மாநில அணிக்குத் தேர்ந்தெடுப்பார்கள். எனக்கு இருபத்தொன்பது முடிந்துவிட்டது. இந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

ஒன்று கேட்கிறேன். சோதனைக்கு முன் ஒரு ஒப்புதல் படிவம் கொடுத்தாய். நீயே எழுதி, நீயே வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினாய். அதில் ஆறாவது வரி, 'பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். அவரைப் பற்றிய பதிவுகள் எல்லாம் அழிக்கப்படும்.' நான் விலகிக்கொள்கிறேன். ஐந்தாம் எண்ணை எடுத்துவிடு.

கிறிஸ்வின்


சங்கரன்கோவில்
23 செப்டம்பர்

அத்தானுக்கு,

எடுத்துவிட்டேன்.

பஸீலா மேடத்திடம் போய் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை மட்டும் மடித்துக் காட்டினேன். "ஏம்மா, புருஷன் பொண்டாட்டி சண்டைய தீசிஸுக்குள்ள கொண்டு வாரியே, இது நல்லாவா இருக்கு?" என்றார்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஆறாவது வரி ஆறாவது வரிதான். எடுத்துரு" என்றார்கள். அட்டவணை எல்லாம் திரும்பப் போட வேண்டும். சமர்ப்பிப்பது ஜனவரிக்குத் தள்ளிப்போய்விட்டது. போகட்டும். உங்களுக்கு உரிமை இருக்கிறது. கோபத்தில் செய்தாலும் உரிமை உரிமைதான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். பிப்ரவரியில் அன்றைக்குச் சாயங்காலம் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்தோம். நீங்கள் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தீர்கள், தலைமுடி ஈரம் காயாமல். நோட்டு என் மடியில் இருந்தது. உங்களை எழுப்பிச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை நினைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று விட்டேன். வீட்டில் நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். சொன்னால் உங்கள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும், அதைப் பார்க்கத் திராணி இல்லை. பேப்பருக்கு முகம் கிடையாது. அதனால் பேப்பரிடம் சொல்லிவிட்டேன். நான் கோழை அத்தான். இதற்கு மேல் என்னிடம் வேறு சாக்கு இல்லை.

இன்னொரு விஷயம். ஆறாவது வரிப்படி, சோதனையின்போது எடுத்த உங்கள் வீடியோவையும் அழிக்க வேண்டும். அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்தேன். இதுவரை அதில் உங்கள் பந்தைத்தான் பார்த்திருந்தேன், அன்றைக்கு உங்களைப் பார்த்தேன்.

தண்ணீரில் கால் ஊன்றத் தரை கிடையாது. கால்களை மாற்றி மாற்றிச் சுழற்றித்தான் உடம்பை மேலே தூக்கி எறிய வேண்டும். மற்ற பதினோரு பேரும் நீந்தி முடித்ததும் கால் ஓய்ந்து கீழே இறங்கிவிடுகிறார்கள். முதலில் நெஞ்சுக்கு இருந்த தண்ணீர் பிறகு கழுத்துக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் குறி தப்புகிறது, வேகம் அவ்வளவாகக் குறையாது. உங்களுக்கு அப்படி இல்லை. எட்டு நீளம் நீந்திய பிறகும் தண்ணீர் உங்களுக்கு நெஞ்சளவுதான். கால் ஓயவே இல்லை. முழங்கைதான் காதுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் பல்லைக் கடிக்கிறீர்கள்.

தோளில் வலி இருக்கிறதா? உள்ளதைச் சொல்லுங்கள்.

வீடியோவை அழித்துவிட்டேன்.

ஜெனி


சென்னை
1 அக்டோபர்

ஜெனி,

தோளில் ஒன்றும் இல்லை. நீயாக எதையாவது கற்பனை பண்ணாதே. குளிர்ந்த தண்ணீரில் எல்லாரும்தான் பல்லைக் கடிப்பார்கள்.

பஸ்ஸில் நடந்ததைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். அன்றைக்கு நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். நீ ஏதாவது கேட்டுவிடுவாயோ என்று.

இங்கே சாப்பாடு பரவாயில்லை. முட்டை நாலு தருகிறார்கள். சாம்பாரில்தான் சர்க்கரை போட்டுவிடுகிறார்கள், மகாராஜா அதைப் பாயசம் என்கிறான். நம்மூர் பிரியாணியை நினைத்தால் எச்சில் ஊறுகிறது. நேற்று நீந்திய பிறகு எறிந்த பத்தில் ஆறு குறியில் பட்டது. கோச் "தேவலையே" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது பெரிய விஷயம்.

தீசிஸ் ஜனவரிக்குப் போனது என்னால்தான். வருத்தமாக இருக்கிறது.

கிறிஸ்வின்


சங்கரன்கோவில்
9 அக்டோபர்

அத்தான்,

நேற்று உங்கள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அத்தை முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். உங்கள் நீலக் கட்டம் போட்ட சட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்.

"இவன் சட்டை போடுத லெட்சணத்த நீ பாத்தியாட்டி? வருஷத்துக்கு மேல ஆவுது, இடக்கையத்தான் மொதல்ல நுழைக்கான். அது ஒசரமாட்டேங்கு. அந்தப் பக்கம் தொங்கவிட்டு மாட்டிக்கிட்டு, பொறவு வலக்கைய விடுதான். என்னலே ஆச்சுன்னு கேட்டா, 'ஸ்டைல்ம்மா'ங்கான்."

நான் மடித்த சட்டையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் கையின் வேகத்தை ரேடார் துப்பாக்கி வைத்து அளந்தேன், எத்தனை தடவை மூச்சு வாங்கினீர்கள் என்று எண்ணினேன், பந்து எத்தனை விரற்கடை விலகிற்று என்று எழுதினேன். தினமும் காலையில் என் கண் முன்னால் சட்டை போட்டீர்கள், அதை நான் பார்க்கவில்லை. முனைவர் பட்டம் வாங்கப்போகிறேனாம். எனக்கு என்மேலேயே கோபமாக வருகிறது.

ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. நான் இதைக் கோச்சிடம் சொல்லமாட்டேன், மேடத்திடமும் சொல்லமாட்டேன். அத்தையைக்கூட மேலே கிளறவில்லை. உங்கள் இடத்துக்கு நான் இன்னொரு தடவை உலை வைக்கமாட்டேன். ஆனால் ஒன்று. உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததை உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன், அது உங்களுக்கு எவ்வளவு வலித்தது என்று எழுதினீர்கள். அதே வலி இப்போது எனக்கு. வேறு எதுவும் எழுத வேண்டாம், இதற்குப் பதில் எழுதுங்கள்.

ஜெனி


சென்னை
17 அக்டோபர்

ஏட்டி ஜெனி,

சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் எழுதிவிட்டுக் கிழித்தது மூன்று.

போன வருஷம் செப்டம்பர். கேரளாவில் ஒரு ஆட்டம். ஷாட்டுக்குக் கையை ஓங்கியிருக்கும்போது பின்னால் இருந்து ஒருவன் பிடித்து இழுத்துவிட்டான். தோளுக்குள் 'சடக்' என்று ஒரு சத்தம். வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. அன்றைக்கு இரண்டு கோல் போட்டேன், அதனால் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆகவில்லை. மாத்திரை போட்டால் ஒரு மணி நேரம் கை கை மாதிரி இருக்கும். பிறகு போய்விடும்.

உன் சோதனைக்கும் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வந்தேன். ஓய்வாக எறிந்த பத்தும் மாத்திரையின் புண்ணியம். நீந்தும்போதே வலி கிளம்பிவிட்டது. அதன் பிறகு எறிந்தது களைப்பில் எறிந்தது இல்லை. வலியில் எறிந்தது. உன் கருவிக்கு அது தெரியுமா? களைப்பு என்று எழுதிக்கொண்டது. நீயும் அதை நம்பி ஆறு மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். 'ஐந்தாம் எண்ணை எடுத்துவிடு' என்று ரோஷமாக எழுதினேனே, அன்றைக்கே எடுக்க வேண்டிய பொய் அது. முதலில் கட்டினவளுக்குச் சொல்லாமல் மறைத்தவன் நான். நீ இல்லை. உன்னைக் கேள்வி கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். ஆபீசில் என்னை யாருக்கும் தெரியாது ஜெனி. விளையாட்டுக் கோட்டாவில் வந்தவன், ஃபைலை ஒழுங்காக அடுக்கத் தெரியாதவன், அவ்வளவுதான். தண்ணீருக்குள் இறங்கினால்தான் நான் ஒரு ஆள். அங்கேயும் ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால், உன் முன்னால் எப்படி வந்து நிற்பது?

இப்போது ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை. வயிறு எரிகிறது. பந்தை எடுக்கும்போது விரல் நுனி மரத்துப்போகிறது. ஆனால் எறிவது நன்றாக வருகிறது என்று கோச் நினைக்கிறார். பதிமூன்று பேரில் என் பெயர் வந்துவிடும் போலிருக்கிறது. வராது என்றால்கூட இவ்வளவு பயம் இருக்காது.

இது ஒரு ஆளுக்கும் தெரியாது. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். என்ன செய்ய, சொல்லு.

உன்
கிறிஸ்வின்


முகாம் வாசல், சென்னை
24 அக்டோபர், காலை ஏழரை

அத்தான்,

தீபாவளியால் உங்கள் கடிதம் நேற்று முன்தினம்தான் வந்தது. பதில் எழுதித் தபாலில் போட்டால் அது வந்து சேர்வதற்குள் எனக்கு உயிர் போய்விடும் போல் இருந்தது. அதனால் நானே வந்துவிட்டேன். பொதிகை ரயிலில் தட்கலும் கிடைக்கவில்லை. முன்பதிவு இல்லாத பெட்டியில் மதுரை வரை நின்றுகொண்டு வந்தேன், பிறகு ஒரு அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அத்தையிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். "போ, போய் அவன் பக்கத்துல நில்லு" என்று அத்தைதான் பையைத் தூக்கிக் கையில் கொடுத்தார்கள்.

காவல்காரர் உள்ளே விடமாட்டேன் என்கிறார். பால் பாக்கெட் வாங்க வந்த மகாராஜா என்னைப் பார்த்துவிட்டு, "மைனி, நீங்களா? இங்கன எப்படி?" என்று வாயைப் பிளந்து நிற்கிறான். அவன் கையில்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

என்ன செய்ய என்று கேட்டீர்கள். அது உங்கள் கை, உங்கள் ஆட்டம், நான் சொல்லமாட்டேன். மாத்திரை போட்டுக்கொண்டு ஆடினால் மேலே கேலரியில் உட்கார்ந்து அழுதுகொண்டே கை தட்டுவேன். கோச்சிடம் சொன்னால் இந்த வாசலிலேயே நிற்பேன். டாக்டரிடம் போவதென்றால் கூட வருவேன். இந்த மூன்றைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. பள்ளிக்கூடத்தில் என் வகுப்புகளை இன்னொரு டீச்சரிடம் ஒப்படைத்து, ஐந்து நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

தண்ணீருக்குள் இறங்கினால்தான் ஆள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் உங்களை நாலு சாத்து சாத்த வேண்டும் போல் வந்தது. நான் வாட்டர் போலோவைப் பார்த்து உங்களைக் கட்டவில்லை. உங்களைக் கட்டினதால்தான் வாட்டர் போலோவையே பார்த்தேன். ஊரில் யாராவது வாட்டர் போலோவில் பி.எச்.டி. பண்ணுவார்களா? நீங்கள் ஒரு நாள் பல்லாங்குழி ஆடியிருந்தால் அதில் பண்ணியிருப்பேன்.

மழை பிடித்துவிட்டது. குடை இருக்கிறது. அவசரம் இல்லை, யோசித்து முடிவெடுங்கள்.

ஜெனி


அதே தாளின் பின்பக்கம்
காலை எட்டே கால்

ஜெனி,

மகாராஜா இதைக் கொண்டுவந்தபோது காலை நீச்சலில் எட்டாவது நீளத்தில் இருந்தேன். தண்ணீரிலிருந்து ஏறி, துண்டுகூடப் போடாமல் நேராகக் கோச்சிடம் போய்ச் சொல்லிவிட்டேன். தோள், மாத்திரை, எல்லாம். எத்தனை நாளாக என்றார். பதிமூன்று மாதம் என்றேன். கத்தினார். குளமே திரும்பிப் பார்த்தது. பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார், என் கண் முன்னாலேயே. பிறகு தனக்குத் தெரிந்த எலும்பு டாக்டருக்குப் போன் போட்டு, இன்றைக்கே பார்க்கச் சொல்லி நேரம் வாங்கிக் கொடுத்தார்.

நான் கிளம்பும்போது, "இதெல்லாம் வீட்ல தெரியுமாப்பா?" என்று கேட்டார்.

"தெரியும் சார். வாசல்ல நிக்கா" என்றேன். அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். பத்து நிமிடத்தில் வருகிறேன்.

கிறிஸ்வின்